தில்முன் போன சீட்டுப் பணம்

ஊர் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருந்தது, இன்றைய தெற்கு இராக்கில். ஏறக்குறைய 4,000 வருடங்களுக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு பசையுள்ள ஆளிடம் போய், தில்முனுக்குக் கப்பல் விடுகிறோம், செம்பு வாங்கி வருகிறோம், முதல் போடுங்கள் என்று கேட்டார்கள். அவரும் போட்டார். 2 மினா வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோ. 5 குர் நல்லெண்ணெய், 1,500 லிட்டர் வரும். 30 துணி. கையோடு ஈரக் களிமண்ணில் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். கப்பல் நல்லபடியாகத் திரும்பிய பிறகு வியாபாரத்தில் நட்டம் என்று யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 4 மினா செம்பு வீதம் எண்ணி வைத்துவிட வேண்டும். மனுஷன் விவரமானவர்.

அந்தத் தில்முன்தான் இந்த பஹ்ரைன். இதை எழுதுகிற ஈசா டவுன், 1960களில் அன்றைய ஆட்சியாளர் ஈசா பின் சல்மான் பெயரில் கட்டிய குடியிருப்பு நகரம். எங்களுக்கு இந்தியன் ஸ்கூல், பழைய சாமான் கிடைக்கும் சூக் என்று இரண்டு அடையாளங்கள். பக்கத்து ஊர் ஆலியில் தில்முன் ராஜாக்களைப் புதைத்த மண்மேடுகள் வீடுகளுக்கும் குயவர் சூளைகளுக்கும் நடுவில் குன்று குன்றாக நிற்கின்றன. 2019-ல் யுனெஸ்கோ பஹ்ரைனின் மேடுகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 21 இடங்களில் 11,774 என்று கணக்குக் கொடுத்தார்கள். செத்தவர்களுக்கு இத்தனை மேடு கட்ட உயிரோடு இருந்தவர்கள் நன்றாகச் சம்பாதித்திருக்க வேண்டும். செம்பு இங்கே விளையவில்லை. ஓமான் பக்கத்திலிருந்து வந்து இங்கே கைமாறியது. விளைவிக்கிறவனும் இல்லாமல் வாங்குகிறவனும் இல்லாமல் நடுவில் நின்று பிழைப்பது இந்தத் தீவின் மிகப் பழைய தொழில்.

கப்பல் திரும்பியதும் ஊரின் நிங்கல் அம்மன் கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். செம்பு, தந்தம், மணிகள், ‘மீன்கண்’ என்று கோயில் ஏடுகளில் வரிசையாக இருக்கிறது. மீன்கண் என்பது முத்தாக இருக்கலாம் என்கிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற கம்பெனி 2009-ல் ஆரம்பித்து, ‘ஊர் கூடிக் காசு போட்டுப் பொருள் செய்யலாம்’ என்ற புத்தம்புது யோசனையை உலகத்துக்கு அறிவித்தது. கமிஷன் 5 சதவீதம். நிங்கல் அம்மன் 10 சதவீதம் எடுத்தாள். மற்றபடி வித்தியாசம் தெரியவில்லை.

நம்மவர்களுக்கும் இது ஒன்றும் புதிதல்ல. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து ஒரே மத்தியானத்தில் கடை வைக்க முதல் திரட்டிவிடுவார்கள். கறிச்சோறு முன்கூட்டியே பரிமாறப்படுவதால், போட்ட காசுக்கு ஒன்றுமே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட, புத்தகம் வருமுன்னே ஆட்களிடம் கையொப்பம் வாங்கினார். 1887-ல் சொன்னபடி புத்தகம் வந்தது. சொன்ன பொருள் சொன்னபடி வருவது இந்தத் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று இனிமேல் பார்க்கப் போகிறோம்.

ஏயா-நாசிர் என்று ஒரு தில்முன் வியாபாரி. பொது யுகத்துக்கு முன் 1750 வாக்கில் ஊரில் வசித்தவர். சின்ன ஆள் இல்லை. தில்முன் எடைக்கல்லில் நிறுத்த செம்பைப் பற்றி ஓர் ஏடு இருக்கிறது. இன்றைய கணக்கில் 18 டன் சொச்சம், அதில் கணிசமான பங்கு இவருடையது. நன்னி என்பவர் இவரிடம் நல்ல செம்புக் கட்டிக்கு ஏற்பாடு செய்தார். வந்து பார்த்த நன்னியின் ஆளுக்கு ஏயா-நாசிர் மட்டமான சரக்கைக் காட்டினார். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று விரட்டினார். நன்னிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் களிமண் பலகையில் முன்னும் பின்னும் ஓரமும் விடாமல் எழுதித் தீர்த்துவிட்டார். என்னை என்னவென்று நினைத்தாய், என் ஆட்களை எதிரி நாட்டு வழியாக வெறுங்கையோடு திருப்பி அனுப்புவாயா, இனிமேல் என் வாசலில் வைத்து ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கித்தான் எடுப்பேன் என்பதுதான் அதன் சாரம். இன்று அந்தப் பலகை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

லியோனர்ட் வூலி என்ற ஆங்கிலேயர் 1922 முதல் 1934 வரை ஊரைத் தோண்டினார். ஏயா-நாசிரின் வீடு என்று அவர் அடையாளம் கண்ட இடத்தில் இந்தக் கடிதம் தனியாக இல்லை. வேறு ஆட்களிடமிருந்து வந்த புகார்களும் கூடவே கிடந்தன. திட்டுக்கடிதங்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிற்காலத்தில் அவர் வீட்டின் ஒரு பகுதி பக்கத்து வீட்டோடு சேர்ந்துபோயிருந்ததையும் வூலி கவனித்தார். செம்பு வியாபாரம் எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அதே வூலி, அதே ஊரில், அரச கல்லறைகளிலிருந்து வேறொன்றும் எடுத்தார். சிப்பியும் நீலக்கல்லும் பதித்த ஆட்டப் பலகை. 20 கட்டம், ஆளுக்கு 7 காய், நான்கு முனைப் பகடை. பொது யுகத்துக்கு முன் 2600 வாக்கில் செய்தது. பலகை இருக்கிறது, காய் இருக்கிறது, பகடை இருக்கிறது. எப்படி ஆடுவது என்று ஒரு வரிகூடக் கிடையாது. கவனியுங்கள்: 30 துணிக்கும் 5 குர் நல்லெண்ணெய்க்கும் பத்திரம் எழுதிய ஜனங்கள் இவர்கள். பத்தில் ஒரு பங்கு மீன்கண்ணைக் கூடக் கணக்கில் ஏற்றியவர்கள். ஆட்டத்தின் விதியை மட்டும் ‘அதான் எல்லாருக்கும் தெரியுமே’ என்று விட்டுவிட்டார்கள்.

விதி கடைசியில் வந்து சேர்ந்தது. பொது யுகத்துக்கு முன் 177-ல் இத்தி-மர்துக்-பலாது என்ற பாபிலோன் எழுத்தர் ஒரு களிமண் பலகையில் எழுதினார். பெட்டி வந்து 2,400 வருடம் கழித்து விதிப்புத்தகம். இன்றைக்கு ஆறு மாதம் தாமதமானால் குதிக்கிறார்கள். அந்தப் பலகை 1880-லேயே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது இந்த ஆட்டத்தின் விதி என்று நூறு வருடம் கழித்து இர்விங் ஃபிங்கல் என்ற அறிஞர் உட்கார்ந்து படித்த பிறகுதான் விளங்கியது. நடுவில் வரும் சில கட்டங்களுக்குப் பலன் வேறு போட்டிருக்கிறார் எழுத்தர். ஒன்றில் நண்பன் கிடைப்பான், இன்னொன்றில் நல்ல பீர் கிடைக்கும். நம்மூர்க் கிளி ஜோசியருக்கு இந்தத் தெளிவு இல்லை.

ஃபிங்கலுக்கு அதோடு மனசு ஆறவில்லை. ஜெருசலேமில் ஒரு அருங்காட்சியகத்தில் கொச்சி யூதர்களின் மரப்பலகை ஒன்று 20 கட்டத்தோடு இருப்பது அவர் கண்ணில் பட்டது. தன் சகோதரியை அனுப்பி, கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போய்க் குடியேறிய ரூபி டேனியல் என்ற அம்மையாரைக் கேட்கச் சொன்னார். 1912-ல் பிறந்தவர், தன் கொச்சி வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதியவர். பலகையின் படத்தைப் பார்த்ததும், சின்ன வயதில் இதை ஆடியிருக்கிறேனே என்றார். ஊரின் ராஜாக்கள் ஆடியதன் கொள்ளுப்பேத்தி ஆட்டம் கொச்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உயிரோடு இருந்திருக்கலாம் என்பது ஃபிங்கலின் எண்ணம். வளைகுடா வழியாகக் கேரளக் கரைக்கு வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று தீர்ப்பு எழுத என்னால் ஆகாது. ஆனால் ஒன்று: பேராசிரியர்கள் படாத பாடு பட்ட கேள்விக்குப் பாதி பதில் ஒரு அத்தையிடம் இருந்தது.

எங்கள் வீட்டிலும் தில்முனை வைத்து ஓர் ஆட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சூக்கில் பேரம் பேசி வாங்கிய பழைய கேரம் காய்கள்தான் கப்பல். ஆபீஸ் ஃபைல் அட்டையை வெட்டிச் சீட்டு. செம்புக்குப் பதில் புளியங்கொட்டை. விதியை அந்தக் களிமண் பத்திரத்திலிருந்தே எடுத்தாயிற்று: முதல் போட்டவருக்கு ஒரு வெள்ளிக்கு நாலு செம்பு, வியாபார நட்டமெல்லாம் கப்பலில் போனவர் தலையில். இந்தத் தொழிலில் சோதிக்கும்போது ஆட்டத்தைச் செய்தவர் வாயே திறக்கக் கூடாது என்பது சட்டம். விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார வேண்டும். பெற்ற பிள்ளையை அடுத்தவர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சாயா குடிக்கிற மாதிரியான அனுபவம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கீழக்கரைக்காரர் ஒருவர், அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர், இன்னும் இரண்டு பேர். முதல் சுற்றில் கீழக்கரைக்காரர் விதித்தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்ப்பா, நா எதுக்குக் கப்பல் ஏறணும்? ஊர்லயே உக்காந்து முதல் போட்டாப் போதுமே. யாவாரம் படுத்தா அது ஏறுனவன் பாடு. நமக்கு நாலு செம்பு வந்துரும்ல?”

அப்படியானால் நானும் முதல்தான் போடுவேன் என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவரும். புளியங்கொட்டை எல்லாம் மேசை நடுவில் குவிந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு கேரம் காய்கூட நகரவில்லை. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, எல்லாரும் கஃபீல் ஆயிட்டா வேலைக்குப் போறவன் யாரு?”

கஃபீல் என்றால் வளைகுடாவில் ஆளை வேலைக்கு வரவழைக்கிற முதலாளி. ஆட்டம் கலாஸ். 4,000 வருடத்து வணிகச் சட்டத்தின் ஓட்டையை அம்பாசமுத்திரம் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கேள்வியை ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்களா என்ன? கேட்டிருப்பார்கள். கடனுக்கு வேறு வழியில்லாதவன் கப்பல் ஏறியிருப்பான். இங்கே இருக்கும் நம்மில் பாதிப் பேர் வந்ததும் அப்படித்தான்.

விதித்தாள்கூட இல்லாமல் நடந்த சோதனை ஒன்றும் சரித்திரத்தில் உண்டு, அதாவது பாரசீகர்கள் எழுதி வைத்த சரித்திரத்தில். ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட குஸ்ரூ அனுஷிர்வானின் அரண்மனைக்கு இந்திய ராஜா ஒருவர் மரகதத்திலும் மாணிக்கத்திலும் 32 காய் செய்து அனுப்பினார். இது என்ன ஆட்டம், எப்படி ஆடுவது என்று உங்கள் அறிஞர்கள் கண்டுபிடிக்க வேண்டும்; முடியாவிட்டால் கப்பம் கட்டுங்கள் என்று ஓலை. விதிப்புத்தகத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டு அனுப்பிய ஒரே தயாரிப்பாளர் நம்ம ஆள்தான். மந்திரி புசுர்க்மிஹ்ர் யோசித்துக் கண்டுபிடித்தார். சதுரங்கம். அதோடு விடாமல், இரவும் பகலும் போலக் கறுப்பும் வெள்ளையுமாக 30 காய் வைத்து நர்த் என்ற ஆட்டத்தைத் தானே செய்து இந்தியாவுக்கு அனுப்பினார். நம் பண்டிதர்கள் திருதிருவென்று விழித்தார்கள். கதை எழுதியவர் இந்தியராக இருந்திருந்தால் யார் விழித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நர்த்தின் வாரிசை இன்றும் வளைகுடாக் காபிக் கடைகளில் கிழவர்கள் பலகையே உடைகிற சத்தத்தோடு ஆடுகிறார்கள்.

நம் பரமபதத்துக்கு நேர்ந்தது வேறு. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடுகிற ஆட்டம். பாம்பு அதிகம், ஏணி குறைவு. மோட்சம் என்ன ஷேர் ஆட்டோவா, கை காட்டியதும் நிற்க? 1892-ல் இங்கிலாந்தில் அதை அச்சிட்டு விற்க ஆரம்பித்தார்கள். பாம்பையும் ஏணியையும் சரிசமமாக்கினார்கள். பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் சம வாய்ப்பு! ஆட்டம் சுலபமானது, விற்பனையும் ஆனது, ஆனால் 132-ஆவது கட்டத்தில் பெருமாள் காத்திருந்த பலகை 100-இல் முடிந்துபோனது.

இதைவிட மோசமான கதை எலிசபெத் மேகியுடையது. நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பவர்கள் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறார்கள் என்று காட்ட அந்த அமெரிக்கப் பெண்மணி ஓர் ஆட்டம் செய்து 1904-ல் காப்புரிமையும் வாங்கினார். இரண்டு வகை விதி வைத்தார்: ஒன்றில் செல்வம் எல்லாருக்கும் பங்காகும், இன்னொன்றில் ஒருவன் மட்டும் மிஞ்சுவான். ஜனங்கள் எந்த விதியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்கவே வேண்டாம். வீடு வீடாகக் கையால் வரைந்து பரவிய அந்தப் பலகையை சார்லஸ் டாரோ என்பவர் நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்தார், படியெடுத்தார், என் கண்டுபிடிப்பு என்று பார்க்கர் பிரதர்ஸிடம் விற்றார். மொனாப்பொலி. 1935. பலகையின் கட்டங்களுக்கு அட்லாண்டிக் சிட்டி வட்டாரத்து இடப்பெயர்கள்; அதில் மார்வென் கார்டன்ஸ் என்ற பெயரை நண்பர் தப்பாக ‘மார்வின்’ என்று எழுதியிருந்தார். அந்த எழுத்துப்பிழையோடு சேர்த்து டாரோ காப்பியடித்தார். பரீட்சையில் பிட் அடிக்கிற பையனுக்குக்கூட இந்த அசட்டை கிடையாது. டாரோ லட்சாதிபதி ஆனார். மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். நம் பிள்ளைகள் தரையில் விரித்து பம்பாயை விற்று வாங்கிய ‘பிசினஸ்’ பலகையும் இந்த வம்சம்தான்.

மொனாப்பொலியைக் கிண்டல் செய்து, அட்லாண்டிக் சிட்டியைப் பூதங்கள் இடித்துத் தள்ளுவதாக ஓர் ஆட்டம் 2012-ல் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தது. 35,000 டாலர் கேட்டார்கள், 1,22,000-க்கு மேல் விழுந்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வேறு, பணத்தை வசூலித்தவர் வேறு. வசூலித்தவர் வீட்டு வாடகை கொடுத்தார், வேறு மாநிலத்துக்குக் குடிபோனார். போட்டவர்களுக்கு அவரிடமிருந்து பலகையும் வரவில்லை, பூதமும் வரவில்லை. 2015-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர் மீது நடவடிக்கை எடுத்தது. ஊர்ப்பணத் திரட்டு விவகாரத்தில் அந்த ஆணையத்தின் முதல் வழக்கு அது. 1,11,793 டாலர் சொச்சம் கட்டச் சொன்னார்கள். கட்ட வழியில்லை என்பதால் நிறுத்தியும் வைத்தார்கள். கடைசியில் வேறொரு கம்பெனி அந்த ஆட்டத்தை அச்சிட்டு ஏமாந்தவர்களுக்கு அனுப்பிவைத்தது. அதே 2015-ல் பூனை வெடிக்கிற சீட்டாட்டம் ஒன்றுக்கு 10,000 டாலர் கேட்ட இடத்தில் 2,19,382 பேர் சேர்ந்து 87 லட்சம் டாலர் கொட்டினார்கள். சீட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வெடிக்கிற பூனையை நம்பலாம் போலிருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: காசு போட்டவர்களின் கணக்கு எப்போதும் பத்திரமாக இருந்திருக்கிறது, ஆட்டத்தை ஆடிப் பார்த்துத் திருத்தியவர்களின் கணக்குதான் காணாமல் போனது. 30 துணிக்குச் சாட்சி இருக்கிறது, 20 கட்டத்துக்கு இல்லை. டாரோவுக்குப் பெயர் இருக்கிறது. அவருக்கு முன் கையால் வரைந்து ஆடி ஆடி மெருகேற்றியவர்களுக்கு ஓர் எழுத்துப்பிழை மட்டும் மிஞ்சியது.

தில்முனை வைத்து ஆட்டம் செய்து தில்முனிலிருந்தே பணம் திரட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இதை எழுதும்போது கிக்ஸ்டார்ட்டரில் வசூலைத் தொடங்க அனுமதிக்கும் நாடுகளில் பஹ்ரைன் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆகவே பழையபடி ஏலச்சீட்டுதான். மாதம் பத்து தினார், தள்ளு போக மீதி கையில். தம்பி கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது: முதல் போடுகிறவருக்கும் நட்டத்தில் பங்கு கொடுக்கும் கூட்டாளிச் சீட்டு ஒன்று சேர்த்தோம், கேரம் காய் நகர ஆரம்பித்துவிட்டது.

படிக்கிறவர்களிடம் பணம் கேட்கவில்லை. இந்த முறை லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் தாயம் எத்தனை கட்டம், வெட்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டா, பல்லாங்குழியில் காலிக்குழி வந்தால் தடவி எடுப்பது எத்தனை, சோழி பலகைக்கு வெளியே ஓடினால் என்ன கணக்கு என்று ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் மறக்காமல் போடுங்கள்.